யாரிடம் சொல்லலாம், எதுவரை பேசலாம்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

பதினெட்டு அத்யாயங்களையும் அருளிச்செய்து, சரம ச்லோகத்தையும் வெளியிட்டபின் கண்ணன் அர்ஜுநனுக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறான். இதை யாரிடம் சொல்லக்கூடாது என்பதே அந்த நிபந்தனை. உயர்ந்த பொருளைப் பெற்றவன் அடுத்த கணமே அதை யாரிடமாவது சொல்லத் துடிப்பான். அந்தத் துடிப்பை அறிந்தே எம்பெருமான் வேலியிட்டான் போலும். தவம் இல்லாதவனுக்குச் சொல்லாதே. பக்தி இல்லாதவனுக்குச் சொல்லாதே. கேட்கும் விருப்பம் இல்லாதவனுக்குச் சொல்லாதே. என்னிடம் அஸூயை கொண்டவனுக்குச் சொல்லாதே என்கிறது 18ஆம் அத்யாயத்தின் 67ஆம் ச்லோகம். இதற்கு அடுத்த ச்லோகத்திலேயே, என் பக்தர்களிடம் இந்த ரஹஸ்யத்தைச் சொல்பவன் என்னையே வந்தடைவான் என்று கொண்டாடுகிறான்.

‘சொல்லாதே’ என்பதும் ‘சொல்’ என்பதும் இப்படி அடுத்தடுத்து நிற்கின்றன. நம் போன்ற இல்லறத்தார் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் வாழ்கிறோம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வேற்று மதத்தவராக இருக்கிறார். அயல்நாட்டில் பேரனுடைய வகுப்புத் தோழன் நெற்றியைச் சுட்டி ‘இது என்ன?’ என்று கேட்கிறான். சம்பந்தி வீட்டார் வேறு கலையைச் சேர்ந்தவர்களாக இருக்கிறார்கள். யாரிடம் ஸமயம் பேசலாம், எதுவரை பேசலாம் என்பது இவர்களுக்கெல்லாம் அன்றாடக் கேள்வி. அடியேன் வணிகவியல் படித்து வங்கியில் காலம் கழித்தவன். சாஸ்த்ரங்களை முறையாகக் கற்றவன் அல்லேன். காலக்ஷேபங்களில் கேட்டதையும், ஓய்வுக்குப் பின் படித்ததையும் கொண்டு இக்கேள்வியைப் பற்றிச் சில விண்ணப்பிக்கிறேன்.

மேற்சொன்ன நான்கு தடைகளுக்கு எம்பெருமானார் கீதா பாஷ்யத்தில் இட்டருளிய உரை மிகச் சிறியது. ஆனால் அதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, தடைகளை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். தவம் செய்தவனே ஆயினும் பக்தி இல்லையேல் சொல்லலாகாது. பக்தனே ஆயினும் கேட்கும் விருப்பம் இல்லையேல் சொல்லலாகாது. இந்த மூன்றாவது தடையின் கனத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒருவன் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றவன், பன்னிரு திருமண் தரித்தவன், நாள்தோறும் ஸேவாகாலத்தில் நிற்பவன் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பொருளைக் கேட்க அவனுக்கு இப்போது மனமில்லை என்றால், அவனிடமும் வாய் திறக்கலாகாது.

இரண்டாவது நுட்பம் இலக்கணம் பற்றியது. ச்லோகத்தில் முதல் மூவரும் ‘இன்னவனுக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்லப்படுகிறார்கள். அஸூயை கொண்டவனைச் சொல்லும்போது மட்டும் வாக்யத்தின் போக்கு மாறி, ‘எவன் அஸூயைப்படுகிறானோ’ என்று வேறு வேற்றுமையில் வருகிறது. ஏன் இந்த மாற்றம்? அவன் அடியோடு விலக்கத் தக்கவன் என்பதை உணர்த்தவே அவனை வேறு உருபில் வைத்தது என்கிறார் எம்பெருமானார். அறியாமையும் பக்தியின்மையும் நாளைக்கே மாறக்கூடும். குணத்தைக் கண்ட இடத்திலும் குற்றத்தையே காண்பேன் என்று முடிவு செய்துகொண்டு வந்தவனிடம், நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவன் கையில் கல்லாகிறது.

இந்த நால்வர் பட்டியலில் ‘வேற்று மதத்தவன்’ என்று ஒருவன் இல்லை. ‘பக்தி இல்லாதவன் என்பதிலேயே அவன் அடங்கிவிட்டானே’ என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. சொல்லும் உன்னிடத்திலும் என்னிடத்திலும் பக்தி இல்லாதவன் என்றே பாஷ்யமும் விரிக்கிறது. ஆகவே திருமந்த்ரார்த்தத்தையும் சரம ச்லோகார்த்தத்தையும் ரயிலில் எதிர்ப்பட்டவரிடம் எடுத்து விளம்புவது நம் வழியன்று. ஆனால் உபதேசம் வேறு, உரையாடல் வேறு. பேரனின் தோழனுக்குத் திருமண் இன்னது என்று சொல்வது உபதேசமாகாது. அஸூயையின்றிக் கேட்டவனுக்கு, கேட்ட அளவில் மறுமொழி சொல்வது அது. தன்னைக் காட்டிலும் உயர்ந்த ஒருவனுக்குத் தான் அடிமை என்பதற்கு அடையாளமாக இட்டுக்கொண்டேன் என்று ஏழு வயதுப் பிள்ளை சொன்னால் போதும். அதற்குமேல் அந்தத் தோழனும் கேட்கப்போவதில்லை.

எம்பெருமானார் திருக்கோட்டியூரில் செய்தருளியது இங்கே நினைவுக்கு வரும். ‘கோபுரத்தின்மேல் ஏறி ஊருக்கெல்லாம் கூவினார்’ என்று மேடைகளில் சொல்லிச் சொல்லி, கேட்டவன் கேளாதவன் எல்லாருக்கும் அவர் வாரி இறைத்ததாகவே பலர் எண்ணியிருக்கிறார்கள். மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இதைப் பாடும்போது, முன்னோர் ஓராண் வழியாக உபதேசித்துவந்த வரம்பை எம்பெருமானார் அறுத்ததையும், ஆசை உடையவர்களுக்குச் சொல்லும்படி நியமித்ததையும் சேர்த்தே பாடுகிறார். குலம், கல்வி, பலகால் நடந்து பணிவிடை செய்தல் என்ற தகுதிகளையெல்லாம் தள்ளிய அந்தக் காருண்யம், ஆசை என்ற ஒரே தகுதியைத் தள்ளவில்லை. கைபேசியில் காலை விடியுமுன் நூறு பேருக்கு ஸம்ப்ரதாயப் பொருள்களை அனுப்புகிறவர்கள், தங்களுக்கு முன்மாதிரி திருக்கோட்டியூர் என்று சொல்லிக்கொள்வதை அடியேன் கேட்டிருக்கிறேன். அந்த நூறு பேரில் ஆசைப்பட்டுக் கேட்டவர் எத்தனை பேர் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, மாறுபட்ட கொள்கையுடையவரோடு வாதம் செய்வதைப் பற்றி. நியாய சாஸ்த்ரம் வாத ப்ரதிவாதங்களை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை நிர்ணயிப்பதற்காகப் ப்ரமாணங்களைக் கொண்டு இருவர் பேசுவது வாதம். வெல்வதற்காகவே, சொற்புரட்டும் போலி மறுப்பும் கலந்து பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் நிறுவாமல் எதிரி சொல்வதை உடைப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. (தணிக்கை அறிக்கைகளுக்கு அலுவலகங்களில் எழுதப்படும் மறுமொழிகளைப் படித்தவர்களுக்கு ஜல்பத்தின் இலக்கணத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.) கீதையின் 10ஆம் அத்யாயத்தில் கண்ணன் தன் விபூதிகளை எண்ணிவரும்போது, வாதிடுவோரிடையே தான் வாதமாக இருப்பதாகச் சொல்கிறான். ஜல்பமும் விதண்டையும் செய்வோர் நடுவே தத்த்வ நிர்ணயத்துக்காக எழுந்த வாதத்தையே அது குறிக்கும் என்று எம்பெருமானார் பொருள் உரைக்கிறார். அப்படியானால் நேர்மையான வாதம் நடக்கும் இடத்தில் எம்பெருமான் இருக்கிறான். எதிரே அமர்ந்தவர் யாராக இருந்தாலும் அவ்விடம் அவன் விபூதி.

நேர்மையான வாதத்துக்கு முதல் இலக்கணம், எதிரியின் கொள்கையை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வது. ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்தில் வரும் மஹாபூர்வபக்ஷம் இதற்குச் சிறந்த சான்று. அத்வைதக் கொள்கையை எம்பெருமானார் அதன் முழு வலிமையோடு, ச்ருதி வாக்யங்களும் யுக்திகளும் சிறிதும் குறையாமல் நிறுத்துகிறார். காலக்ஷேபத்தில் அதை முதன்முறை கேட்டவனுக்கு, இதற்கு மறுமொழியும் உண்டோ என்ற கலக்கம் உண்டாகும். அதன்பின்பே ஸித்தாந்தம் எழுகிறது. எதிர்க்கட்சியை மெலிந்த பொம்மையாகச் செய்து வீழ்த்துவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதை அவர் திருவுள்ளம் பற்றவில்லை.

வாதத்தால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கும் நம் குருபரம்பரையிலேயே அளவுகோல் உள்ளது. யஜ்ஞமூர்த்தி என்னும் ஏகதண்டி ஸந்யாஸி ஓலைச்சுவடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவரங்கம் வந்து எம்பெருமானாரோடு வாதம் தொடுத்தார். பதினேழு நாள் நடந்தது. பதினேழாம் நாள் முடிவில் கை ஓங்கியிருந்தது யஜ்ஞமூர்த்திக்கே. இதை மறைக்காமல் எழுதிவைத்த நம் பூர்வர்களின் நேர்மையை அடியேன் பல முறை வியந்திருக்கிறேன். அன்றிரவு எம்பெருமானார் தம் திருவாராதனப் பெருமாளாகிய பேரருளாளனிடம் முறையிட்டார். பெருமாள் கனவில் தேற்றியருளினான். மறுநாள் காலை எம்பெருமானார் வாத மண்டபத்துக்கு எழுந்தருளும் நடையையும் திருமுகத்தையும் கண்ட மாத்திரத்தில் யஜ்ஞமூர்த்தி திருவடிகளில் விழுந்தார். பதினெட்டாம் நாள் வாதம் நடக்கவே இல்லை. தோற்றவருக்கு எம்பெருமானார் கொடுத்த பெயர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார்: தம்முடைய பெருமாளின் திருநாமமும் தம்முடைய திருநாமமும் சேர்ந்தது. ஞானஸாரமும் ப்ரமேயஸாரமும் அவர் அருளியவை.

பராசர பட்டர் மேல்நாட்டு வேதாந்தியை நாடிச் சென்ற விதமும் இத்தகையது. பரிவாரமும் ஆடம்பரமும் வாசலிலேயே தடையாகும் என்று அறிந்து, எளிய வேஷத்தில் அன்னம் இடும் கூடத்தில் போய் அமர்ந்தார். உண்ணாமல் இருந்தவரை வேதாந்தி ‘என்ன வேண்டும்?’ என்று கேட்க, தமக்கு வேண்டியது தர்க்க பிக்ஷை என்றார். வாதத்தையும் பிச்சையாகக் கேட்டு வாங்கினார் பட்டர். வாங்கிய பிச்சை பின்பு நஞ்சீயராக நமக்குக் கிடைத்தது. திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி கிடைத்தது.

இதற்கு நேர்மாறான ஒரு போக்கும் இன்று பரவலாக உள்ளது. ஸமயப் பேச்சு எழுந்தவுடன், ‘எல்லாம் ஒன்றுதானே ஸ்வாமி’ என்று முடித்துவிடுவது அது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான், சண்டை வராமல் காக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் அடியேனுடைய தொழிற்பழக்கத்தால் இது வேறு விதமாகத் தோன்றுகிறது. இருப்பாய்வில் இரு பக்கமும் பொருந்தாதபோது, வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதித் தற்காலிகமாகச் சரிக்கட்டுவது உண்டு. அது பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை செய்துகொள்ளும் ஏற்பாடு. அதையே முடிந்த கணக்கென்று யாரும் கையெழுத்திட மாட்டார்கள். உலகம் மெய்யா பொய்யா, ஜீவன் ஈச்வரனுக்கு வேறானவனா, பிறவி ஒன்றா பலவா என்ற கேள்விகளில் மதங்கள் மாறுபட்ட விடை தருகின்றன. எல்லா விடைகளும் ஒன்று என்பவர் எந்த விடையையும் படித்திருக்க மாட்டார்.

நம்மாழ்வாரிடம் இரண்டு ஸ்வரங்களும் கேட்கின்றன. திருவாய்மொழியின் முதல் திருவாய்மொழியில், அவரவர் தம் அறிவுக்கு எட்டியபடி ஒரு தெய்வத்தை அடைகிறார்கள். அவர்கள் தெய்வங்களும் குறையுடையன அல்ல. அவரவர் விதிப்படி அடையும்படி உள்ளே நிற்பவன் எம்பெருமானே என்கிறார். நான்காம் பத்தின் கடைசித் திருவாய்மொழியிலோ, லிங்க புராணத்தாரையும் சமணரையும் சாக்கியரையும் நேரே விளித்து வாதிடுகிறார். அங்கே ஒரு கேள்வியும் தானாகவே எழுகிறது: அவனே பரன் என்றால் பிற தெய்வங்களைப் பேணும்படி அவனே ஏன் உங்களை வைத்தான்? எல்லாரும் வீடு பெற்றுவிட்டால் இவ்வுலக நடையே இல்லாமல் போகும் என்பதனால் என்று ஆழ்வார் விடையும் தருகிறார். எதிரே நிற்பவர்கள் கேட்கக்கூடிய வலிமையான கேள்வியை மூடிமறைக்காமல் தாமே எடுத்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆழ்வார் எல்லாவற்றையும் ஒன்றென்றார் என்றோ, பிறரையெல்லாம் தள்ளினார் என்றோ சொல்வது பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிப்பதாகும். அருளிச்செயல்களில் சில இடங்களில் கடுஞ்சொல் இருப்பதும் உண்மை. அவை வாதம் உயிரோடு நடந்த காலத்தில், விடை சொல்லத் தெரிந்த எதிரிகளை நோக்கி எழுந்தவை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு நமக்கும் ஒரு செம்பு கொண்டுவரும் வீட்டுப் பணிப்பெண்ணிடம் அவற்றைச் சொல்வதற்கு யாதொரு ப்ரமாணமும் இல்லை. பற்றோடு ஒரு கர்மத்தைச் செய்பவனுடைய புத்தியைக் கலைக்காதே என்று கீதையின் 3ஆம் அத்யாயத்தில் கண்ணன் சொன்னது வேறு ப்ரகரணத்தில் என்றாலும், இங்கும் அது பொருந்தும்.

வேற்று மதத்தவரோடு பேசுவதால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அடியேன் கண்டதைச் சொல்கிறேன். தென் மாவட்டக் கிளை ஒன்றில் பணியாற்றியபோது உடன் இருந்த ப்ராடஸ்டண்ட் நண்பர் விவிலியத்தில் நல்ல பயிற்சி உள்ளவர். மதிய உணவு வேளையில் பேச்சு அடிக்கடி கிருபையில் வந்து நிற்கும். தமிழ் விவிலியத்தில் கிருபை என்ற சொல் உண்டு, இரட்சிப்பு உண்டு, மத்தியஸ்தர் உண்டு. நமக்கும் க்ருபை உண்டு, ரக்ஷகத்வம் உண்டு, புருஷகாரம் உண்டு. முதலில் இருவருக்கும் வியப்பு. ஒரு நாள் அவர் கேட்டார்: “சார், உங்கள் தாயார் செய்வதும் எங்கள் மத்தியஸ்தர் செய்வதும் ஒன்றுதானா?” அன்று விடை சொல்லாமல், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பிள்ளை லோகாசார்யருடைய ஸ்ரீவசனபூஷணத்தை மாமுனிகள் வ்யாக்யானத்தோடு அந்தக் கேள்விக்காகவே எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். ஒரு வாரத்துக்குப் பின் அவரிடம் சொன்னது இதுதான். உங்கள் மத்தியஸ்தர் குற்றத்துக்கான தண்டனையைத் தாமே சுமந்தவர். எங்கள் பிராட்டி தண்டனையைச் சுமப்பவள் அல்லள், தண்டிக்கத் திருவுள்ளமான நாதனுடைய சீற்றத்தை ஆற்றி, அவனுக்கு இயல்பாகவே உள்ள வாத்ஸல்யத்தைத் தலையெடுக்கச் செய்பவள், காப்பவன் அவனே. நண்பர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் உங்கள் கடவுளுக்கு நியாயத்தீர்ப்பு எங்கே நிறைவேறுகிறது?” என்றார். அது அவருடைய மதத்தின் உயிர்நிலையான கேள்வி. எங்களுக்கு அது கர்மத்தையும், எம்பெருமானுடைய ஸ்வாதந்த்ர்யத்தையும் பற்றிய கேள்வி. பல மாதம் பேசினோம். அவர் வைஷ்ணவர் ஆகவில்லை; அடியேனும் அவர் பக்கம் சாயவில்லை. புருஷகாரம் என்பதன் பொருள் அடியேனுக்கு அந்தக் கிளையில்தான் தெளிந்தது.

இது தனி மனிதர் அனுபவம் மட்டுமல்ல. ருடால்ஃப் ஆட்டோ என்ற ஜெர்மானிய லூதரன் இறையியலாளர் 1930இல் இந்தியாவின் க்ருபை மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். மர்க்கட கிசோர ந்யாயமும் மார்ஜார கிசோர ந்யாயமும் அந்நூலில் பேசப்படுகின்றன. ஒற்றுமைகளைத் தாராளமாக ஒப்புக்கொண்டபின், இரண்டு மதங்களும் சுழலும் அச்சு வேறு என்று முடித்தார். அந்த முடிவின் விவரங்களில் நாம் அவரோடு வாதிட நிறைய உண்டு. ஆனால் ‘எல்லாம் ஒன்று’ என்று சொல்லித் தப்பாமல், படித்து, வேறுபாட்டை இன்ன இடம் என்று சுட்டினாரே, அது மரியாதை. பின்னாளில் ஜான் கார்மனும் வஸுதா நாராயணனும் சேர்ந்து திருக்குருகைப் பிரான் பிள்ளானுடைய ஆறாயிரப்படியைப் பற்றி 1989இல் நூல் வெளியிட்டார்கள். பிரான்சிஸ் குளூனி என்ற இயேசு சபைப் பாதிரியார் 1996இல் திருவாய்மொழியை அதன் வ்யாக்யானங்களோடு கற்று எழுதினார். 2008இல் வேதாந்த தேசிகனுடைய ரஹஸ்யத்ரயஸாரத்தைத் தம் மதத்து மகானாகிய பிரான்சிஸ் டி சேல்ஸின் நூலோடு அருகருகே வைத்துப் படித்தார். அவர் பாதிரியாராகவே இருக்கிறார். நம்மில் எத்தனை பேர் ரஹஸ்யத்ரயஸாரத்தை ஒரு முறையேனும் முழுதும் படித்தோம் என்ற எண்ணம் இதை எழுதும்போது எழாமல் இல்லை.

இதுவரை சொன்னது எளிய பகுதி. உண்மையான கடினம் ஒத்த நம்பிக்கையுடையவரோடு பேசுவதில்தான் இருக்கிறது. அந்நியர் ஒரு பொருளை மறுத்தால் அறியாமை என்று விட்டுவிடுகிறோம். நம்மவர் மறுத்தால் த்ரோஹம் என்று கொதிக்கிறோம். காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதியில் யார் எதைத் தொடங்கிச் சேவிப்பது என்னும் வழக்கு நூறு ஆண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் நியாயம் என்று எழுத அடியேன் புகவில்லை. இரு பக்கத்தாரும் ஒரே ராமாநுஜருடைய திருவடி ஸம்பந்தத்தைத்தான் உரிமையாகச் சொல்கிறார்கள் என்பது மட்டும் வேற்று மதத்தவருக்கு விளங்கச் செய்ய முடியாத விஷயம்.

ஒத்தவர்கள் பேசிக்கொள்வதைப் பற்றிக் கீதையின் 10ஆம் அத்யாயம் வேறு இலக்கணம் சொல்கிறது. பக்தர்கள் ஒருவருக்கொருவர் என் குணங்களை அறிவித்துக்கொண்டு திருப்தியும் இன்பமும் அடைகிறார்கள் என்கிறான் கண்ணன். திருப்தி, இன்பம் என்று இரண்டு சொற்கள் எதற்கு? சொல்பவர்கள் வேறொரு பயனும் கருதாமல் சொல்வதாலேயே திருப்தி அடைகிறார்கள். கேட்பவர்கள் கேட்பதாலேயே எல்லையற்ற இன்பம் அடைகிறார்கள் என்று எம்பெருமானார் பங்கிட்டுக் கொடுக்கிறார். ‘வேறொரு பயனும் கருதாமல்’ என்பதுதான் நம்மிடம் அரிதாகிவிட்டது. நம் கோஷ்டிகளில் பேசுபவருக்குத் தம் கலையை நிறுவும் பயனும், கேட்பவருக்கு அடுத்த கலைக்காரரிடம் திருப்பிச் சொல்லும் பயனும் ஒளிந்திருக்கின்றன.

நம்பிள்ளையின் சரித்ரத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு. கந்தாடைத் தோழப்பர், முதலியாண்டானுடைய வம்சத்தில் வந்தவர், நம்பிள்ளையின் பெருமையைப் பொறுக்கமாட்டாமல் பெருமாள் ஸந்நிதியில் பலர் முன்னே அவரைக் கடுமையாகப் பேசினார். நம்பிள்ளை ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லாமல் திருமாளிகைக்குத் திரும்பினார். வீட்டில் தேவிகள் இடித்துரைக்கக் கேட்டுத் தோழப்பர் மனம் வருந்தி, மன்னிப்புக் கேட்க இரவிலே கதவைத் திறந்தால், வாசலில் நம்பிள்ளை காத்திருக்கிறார். தம்மிடம் ஏதோ அபராதம் இருந்ததனாலன்றோ தேவரீர் திருவுள்ளம் கலங்கியது, பொறுத்தருள வேண்டும் என்று அவர் விண்ணப்பித்தார். இவர் ஓர் ஊருக்கு ஆசார்யர் அல்லர், உலகுக்கே ஆசார்யர் என்று தோழப்பர் கொண்டாடிய அன்றுதான் ‘லோகாசார்யர்’ என்ற திருநாமம் பிறந்தது.

கலைகள் வேறானாலும் கற்பது தடைப்பட வேண்டியதில்லை என்பதற்குப் ப்ரதிவாதி பயங்கரம் அண்ணாவைக் காட்டலாம். வேதாந்த தேசிகனுடைய திருக்குமாரரான நயினாராசார்யரிடம் ஸ்ரீபாஷ்யம் கற்று, வாதத்தில் வென்று, எதிர்வாதிகளுக்குப் பயங்கரமானவர் என்று பட்டம் பெற்றவர் அவர். பின்பு மணவாள மாமுனிகளின் பெருமையைக் கேட்டுத் திருவரங்கம் வந்து அவர் திருவடிகளை ஆச்ரயித்தார். அந்தப் பயங்கரமான பட்டப்பெயர் உடையவர் அருளிய ஸ்ரீவேங்கடேச ஸுப்ரபாதத்தைக் கேட்டுத்தான் இன்று டொரோண்டோவிலும் சிங்கப்பூரிலும் நம் வீடுகள் விழித்தெழுகின்றன.

அடியேனுடைய பெண் வாழ்க்கைப்பட்டது வடகலை ஸம்ப்ரதாயக் குடும்பத்தில். சம்பந்தி ஸ்வாமியும் ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மாலைகளில் தொலைபேசியில் முமுக்ஷுப்படியையும் ரஹஸ்யத்ரயஸாரத்தையும் சேர்த்துப் படித்துவருகிறோம். எங்களுக்குள் ஒரே ஒரு விதி. மற்றவருடைய கொள்கையை முதலில் நாம் சொல்ல வேண்டும். அவர் ‘ஆம், இதுவே எங்கள் ஆசார்யர்கள் திருவுள்ளம்’ என்று ஒப்பிய பிறகே மறுக்கலாம். இந்த விதியால் பாதி வேறுபாடுகள் சுருங்கிவிட்டன. ப்ரபத்தியைப் பற்றி, அது உபாயம் என்கிறார்கள் அவர்கள், உபாயமன்று என்கிறோம் நாம் என்று இளமையில் கேட்டிருந்தேன். தேசிகன் திருவுள்ளத்தில் ஸித்தோபாயம் எம்பெருமானே. ப்ரபத்தி அவன் இரங்குவதற்கு ஒரு வ்யாஜம். பிள்ளை லோகாசார்யர் அந்த வ்யாஜத்தையும் நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள இடம் தரவில்லை. வேறுபாடு உண்டு, ஆனால் கேள்விப்பட்ட இடத்தில் இல்லை.

சில இடங்களில் வேறுபாடு பெரிதாகவே நின்றுவிட்டது. வாத்ஸல்யம் என்பதற்கு, அடியவன் குற்றத்தை எம்பெருமான் காணாமலிருப்பது என்பது அவர்கள் நிர்வாஹம். குற்றத்தையே போக்யமாகக் கொள்வது என்பது நம் நிர்வாஹம். அன்று ஈன்ற கன்றின் உடம்பிலுள்ள அழுக்கைத் தாய்ப்பசு விரும்பி நக்குவதை நம் பூர்வர்கள் காட்டுவார்கள். சம்பந்தி ஸ்வாமி கேட்டார்: “குற்றம் அவனுக்கு இனிக்கும் என்றால், துணிந்து குற்றம் செய்யலாம் என்று ஆகாதோ ஸ்வாமி?” கன்று, பசுவுக்குப் பிடிக்குமே என்று அழுக்கைத் தேடிப் பூசிக்கொண்டு பிறக்கவில்லையே என்றேன். அது அழகான மறுமொழி, ஆனால் தமக்குப் போதவில்லை என்றார். அதை அப்படியே வைத்திருக்கிறோம். மறுநாள் பேத்தியின் ஆயுஷ்ஹோமத்துக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தோம்.

கேட்க விருப்பமில்லாதவன் என்ற மூன்றாவது தடை, இந்நாளில் பலருக்கு வீட்டுக்குள்ளேயே நேர்கிறது. அயல்நாட்டில் வளர்ந்த பிள்ளை, ‘எனக்கு இதில் நம்பிக்கை இல்லை அப்பா’ என்கிறான். கடிதத்திலும் தொலைபேசியிலும் விடாமல் உபதேசிக்கும் தகப்பனார்களை அடியேன் அறிவேன். அவர்கள் கவலை பொய்யன்று. தலைமுறை தலைமுறையாக வந்தது தம்மோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் அது. ஆயினும் பாஷ்யம் பக்தனுக்கே விதிவிலக்குத் தரவில்லை. பிள்ளை என்ற உறவு மட்டும் விலக்காகுமோ? சொல்லாமல் இருப்பது என்றால் செய்யாமல் இருப்பது அன்று. விடியலில் தீர்த்தமாடித் திருமண் இட்டு, அவன் வீட்டு மூலையில் ஒரு பெட்டியளவு இடத்தில் திருவாராதனம் பண்ணி, திருப்பாவையை வாய்விட்டுச் சேவித்துக்கொண்டு ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் பாட்டனார்கள் பலர். யஜ்ஞமூர்த்தி பதினெட்டாம் நாள் கண்டதும் நடையைத்தானே. பிள்ளையிடம் ஒன்றும் நிகழாமல் போகலாம். பேத்தி ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்காரவும் கூடும்.

எஞ்சியிருப்பவன் நான்காமவன், வேறு உருபில் நிறுத்தப்பட்ட அஸூயைக்காரன். அவனிடம் பேச்சு கூடாது என்பது முடிந்த முடிவு. பேச்சு கூடாது என்றால் வேறு என்ன செய்வது என்பதைக் கூரத்தாழ்வானிடம் கேட்க வேண்டும். சோழனுடைய ஸபையில், சிவனுக்கு மேல் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடும்படி அவரை நிர்ப்பந்தித்தபோது, ‘சிவம்’ என்ற அளவுக்கு மேல் ‘த்ரோணம்’ என்ற அளவு இருக்கிறதே என்று சிலேடையாக மறுத்தார். அது வாதத்துக்கு இடமில்லாத ஸபை. படையும் அதிகாரமும் ஒரு பக்கம் நின்ற இடம். அதன் விளைவாகத் திருக்கண்களை இழந்தார். உடன் சென்ற பெரிய நம்பியும் கண்களை இழந்து, வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். மன்னனைத் தூண்டிவிட்டவன் நாலூரான். அவன் ஆழ்வானிடமே கற்றவன், நம்மவனாக இருந்தவன்.

ஆண்டுகள் கழித்து, பேரருளாளனிடம் கண்களை வேண்டிப் பெறும்படி எம்பெருமானார் ஆழ்வானை நியமித்தருளினார். ஆழ்வான் காஞ்சிக்கு எழுந்தருளி ஸ்துதித்தார். பெருமாள் திருவுள்ளம் உகந்து, வேண்டியதைக் கேள் என்றான். நான் பெறும் பேறு நாலூரானும் பெற வேண்டும் என்று ஆழ்வான் கேட்டார். பெருமாள் அப்படியே ஆகுக என்று தந்தருளினான்.

அடியேன் ராமாநுஜதாஸன்